பாலாறு கடல் சேரும் கரையில் எதை அணிந்து இறங்குவது?

வேலூர்க்காரர்களுக்குக் கடல் இல்லை, மணல் உண்டு. பாலாற்றுப் பாலத்தைத் தினமும் பஸ்ஸில் கடக்கிற எங்கள் கண்ணில் ஆண்டின் பெரும்பகுதியும் படுவது மணலும் சீமைக்கருவேலமும்தான். நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் வந்து வயலூர் அருகே வங்காள விரிகுடாவில் முடிகிற ஆறு இது. மாதம் ஒருமுறை நானும் இரண்டு நண்பர்களும் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, வாலாஜா, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக அந்த ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போய், விடியும் முன் கடற்கரையில் தூண்டிலோடு நிற்கிறோம். முழங்கால் நீரில் நின்று, அலை உடையும் இடத்தைத் தாண்டி ஈயத்தை வீச வேண்டும். கிழங்கான் கிடைக்கும், மடவை கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு காலா.

குடியாத்தத்தில் இருக்கும் என் மச்சான் மோர்தானா அணையிலும் ஏரிகளிலும் விரால் பிடித்துப் பழகியவர். இப்போது எங்களோடு கடலுக்கு வர ஆசைப்படுகிறார். போன வாரம் தொலைபேசியில், "மாமா, மார்பு வரைக்கும் வருகிற அந்த வேடர்ஸ் ஒன்று வாங்கிவிடட்டுமா? நியோப்ரீன்தான் நீடித்து உழைக்கும் என்கிறார்களே" என்று கேட்டார். வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நான் இரண்டு ஜோடி வாங்கி, ஒன்றை வீணாக்கி, ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கை முழுவதும் சொல்வதுதான் அவருக்கு நியாயம்.

வேடர்ஸ் என்பது காலுறை, கால்சட்டை, மார்புப்பட்டை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நீர்புகா உடை. தொடை வரை, இடுப்பு வரை, மார்பு வரை என்று மூன்று உயரங்களில் வருகிறது. குளிர்ந்த நாடுகளில் பனி உருகி வரும் ஆற்றில் நிற்பவர்களுக்காக வளர்ந்த உடை. அங்கே அது உடம்புச் சூட்டைக் காக்கும் கவசம். நம் கடல் நீர் ஆண்டின் பெரும்பகுதியும் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி வரை இருக்கிறது. அதில் காலை நனைத்தால் யாரும் விறைத்துப் போவதில்லை. ஆகவே "நீர் புகாமல் இருக்குமா" என்று கேட்டுக்கொண்டு கடை ஏறினால் தவறான பொருளோடுதான் திரும்பி வருவோம். நம் கரையில் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: வியர்வை எங்கே போகும்? மணல் எங்கே தங்கும்?

நியோப்ரீனை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கடலில் மூழ்குபவர்கள் அணியும் உடையில் இருக்கும் அதே நுரை ரப்பர்தான். வேடர்ஸில் மூன்றரை, ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் வருகிறது. அடிபட்டால் தாங்கும், முள்ளுக்கும் ஓரளவு தாங்கும், உழைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அதன் வேலையே சூட்டை உள்ளே பிடித்துவைப்பது. கடும் உழைப்பில் மனித உடம்பு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை விடும். அதில் ஒரு சொட்டுகூட நியோப்ரீனைத் தாண்டி வெளியேறாது. மணலில் நடந்து, திரும்பத் திரும்ப வீசி, வெயிலும் ஏறிவிட்டால் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். நீடித்து உழைக்கும் என்பதற்காக அதை வாங்குவது, கம்பளிப் போர்வை கிழியாது என்பதற்காகச் சித்திரை மாதத்தில் போர்த்திக்கொள்வது போல.

அடுத்தது நைலான் துணியில் பி.வி.சி. பூசியது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதும் மலிவானதும் இதுதான். பெரும்பாலும் பூட்ஸ் சேர்த்தே ஒட்டியிருக்கும். நான் முதலில் வாங்கியதும் இதையே. வியர்வை விஷயத்தில் நியோப்ரீனுக்கு அடுத்த மோசம்: மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்தால் உள்ளே எப்படி இருக்குமோ அப்படி. ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கழற்றினால், ஓட்டை விழுந்துவிட்டதோ என்று தேடும் அளவுக்குக் கால்சட்டை நனைந்திருக்கும். ஓட்டை இருக்காது, எல்லாம் நம்முடையது.

அந்த ஜோடி என்னிடம் வீணானது கடலில் இல்லை, வேலூரில். ஒரு மே மாதம், கத்தரி வெயில் தொடங்கிய வாரம், கடலிலிருந்து வந்து அலசி, மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் போய்த் தொட்டால் துணி சுட்டது. கவட்டுப் பகுதியில் இரண்டு கால்களின் தையல்களும் கூடும் இடத்தில், உள்ளே ஒட்டியிருந்த பட்டை முழ நீளத்துக்கு எழும்பி, பழுத்த வாழையிலையின் ஓரம் போலச் சுருண்டு நின்றது. விரலால் அழுத்தினேன், ஒட்டியது, விட்டேன், எழுந்தது. நீர்புகா உடையில் நீரைத் தடுப்பது துணி மட்டுமில்லை, தையல் துளைகளை மூடும் அந்தப் பட்டையும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. வாங்கும்போது எல்லோரும் துணியைத் தடவிப் பார்க்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்பி, கவடு, முழங்கால், பூட்ஸும் துணியும் சேரும் வளையம் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். பட்டை அகலமாக, சுருக்கமில்லாமல், ஓரம் தூக்காமல் இருக்கிறதா என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

மூன்றாவது, மூச்சு விடும் துணி. வெளியே உறுதியான நைலான் அல்லது பாலியெஸ்டர், நடுவில் மிக மெல்லிய சவ்வு, உள்ளே ஒரு காப்புத் துணி என்று மூன்று அடுக்கு. முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் நான்கு, ஐந்து அடுக்கு. இந்தச் சவ்வின் நுண்துளைகள் வழியாக நீராவி வெளியேறும், நீர்த்துளி உள்ளே வராது. விளம்பரத்தில் சொல்வது பொய் இல்லை. ஆனால் நீராவி தானாக வெளியேறாது. உள்ளே ஈரமும் சூடும் மிகுதியாக, வெளியே குளிரும் வறட்சியுமாக இருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். நம் கடற்கரையிலோ வெளியேயும் அதே புழுக்கம். ஆகவே குளிர்நாட்டில் கிடைக்கும் சுகத்தில் பாதியை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. மார்கழி, தை மாதங்களில், வாடைக் காற்று வீசும் விடியற்காலையில் அந்தப் பாதியே பெரிய சுகம்.

அந்த விடியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரியில் நான்கரை மணிக்குக் கரையில் நின்றால் காற்று கடல் நீரைவிடக் குளிர்ந்திருக்கும். நீருக்குள் இருக்கும் கால் வெதுவெதுப்பாக இருக்கும். அலை அடித்து நனைந்த இடுப்பில் காற்று பட்டால்தான் நடுக்கம் வரும். முதல் முறை இதை அனுபவித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் கரையில் வேடர்ஸுக்கு உண்மையான வேலை இருப்பது அந்த இரண்டு மாதங்களில், அந்த மூன்று மணி நேரத்தில்தான். அது காற்றைத் தடுக்கிறது.

இனி மணல். எல்லோரும் துணியைப் பற்றியே பேசி, இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கோ முடிவைத் தீர்மானிப்பதே இதுதான் என்று தோன்றுகிறது. அலை திரும்பிப் போகும்போது குதிகாலுக்குக் கீழே மண் பறிபோவதைக் கடற்கரைக்குப் போன குழந்தைகூட அறியும். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் கணுக்கால் வரை புதைந்திருப்போம். அந்த மணல் மிதந்து வந்து, இடுக்கு கண்ட இடத்திலெல்லாம் நுழையும். வேடர்ஸில் இரண்டு வகைக் கால் உண்டு. ஒன்றில் பூட்ஸ் நிரந்தரமாக ஒட்டியிருக்கும். மற்றதில் கால் நுனியில் நியோப்ரீன் காலுறை மட்டும் இருக்கும். அதன்மேல் தனியாகக் கயிறு கட்டும் பூட்ஸ் அணிய வேண்டும்.

காலுறை வகை ஆற்றுக்கு அருமையானது. கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், பாறையில் நடக்கலாம். நான் இரண்டாவதாக வாங்கிய மூச்சு விடும் ஜோடி இந்த வகைதான். மூன்றே பயணங்களில் பாடம் கற்பித்தது. பூட்ஸுக்கும் காலுறைக்கும் இடையே மணல் இறங்கி, குதிகாலுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவு கெட்டியாகத் தங்கிவிடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் அது உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. நாலாவது முறை வீடு திரும்பிக் காலுறையைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் எட்டணா அளவுக்குக் கறுப்புத் துணி போய், உள்ளிருக்கும் நுரை வெளுத்துத் தெரிந்தது. நடுவில் ஊசி முனை அளவு துளை. பூட்ஸின் வாயை மூடும் மடிப்பு ஒன்று வேடர்ஸின் காலிலேயே தைத்து வருகிறது. அது சரளைக் கல்லைத் தடுக்கும், நம் கடற்கரையின் நைஸ் மணலை அவ்வளவாகத் தடுக்காது.

ஒட்டிய பூட்ஸில் இந்தத் தொல்லையே இல்லை. மணல் நுழைய வழியில்லை, கட்ட வேண்டிய கயிறு இல்லை, துருப்பிடிக்கும் கயிற்றுக் கண்ணிகள் இல்லை. குறை ஒன்றுண்டு: அளவு சற்றே பெரிதாக இருந்தால், புதைந்த காலை இழுக்கும்போது பூட்ஸ் மணலிலேயே நிற்க, குதிகால் மட்டும் உள்ளே எழும்பும். சேற்று வயலில் பெரிய செருப்போடு இறங்கியவர்களுக்கு இது தெரியும். எனவே காலணி அளவில் கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பொருள்களில் அமெரிக்க எண் போட்டிருந்தால் நம் ஊர் எண்ணோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். எட்டு அணிபவருக்கு ஒன்பது. அடிப்பாகம் ரப்பராக, ஆழமான பள்ளங்களோடு இருக்கட்டும். கம்பளி போன்ற ஃபெல்ட் அடி பாசி படிந்த பாறைக்கு உரியது. மணலில் அதனால் பயனில்லை, உப்பு நீரைக் குடித்துக்கொண்டு காயவும் மறுக்கும்.

தொடை வரை வரும் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே நிற்கும் கம் பூட்ஸ் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து வீடுகளில், தோல் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவருடைய கம் பூட்ஸ் வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும். அதையே கடலுக்கும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஏரிக்கரைச் சேற்றுக்கு அது போதும், அட்டையிலிருந்தும் காக்கும். அலைக்கு ஆகாது. முழங்கால் உயரமே வரும் அலை காலில் மோதினால் இடுப்பு வரை தெறிக்கும். தொடை பூட்ஸின் ஒரு காலில் அரைக்குடம் தண்ணீர் நிறைந்துவிடும். அதோடு மணலில் கரையேற முயன்று பார்த்தவர் மறுமுறை அணியமாட்டார்.

நாலாவது வழி, எதையும் வாங்காமல் நனைவது. எங்கள் மூவரில் பங்குனி முதல் புரட்டாசி வரை யாரும் வேடர்ஸ் தொடுவதில்லை. சீக்கிரம் காயும் மெல்லிய முழுநீளக் கால்சட்டை, விரல்களை மூடும் தண்ணீர்க் காலணி, அவ்வளவுதான். அரைக்கால் சட்டை வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன்கள் கரையோரம் ஒதுங்கும் நாட்களில், ஒரு மெல்லிய துணி இருந்தாலே பெரும்பாலான எரிச்சல் தவிர்ந்துவிடும். வெயிலுக்கும் அதுவே காப்பு. காலணிக்குள் மணல் புகாதா என்றால், புகும். ஆனால் அலையில் காலை உதறினால் போய்விடும். தேய்ந்தாலும் தேய்வது ஒரு மலிவான ஜோடி. வெறுங்காலும் வேண்டாம். உடைந்த கிளிஞ்சல், அறுந்து கிடக்கும் தூண்டில் முள், கண்ணாடி எல்லாம் நம் கரைகளில் உண்டு.

திருக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது ஆழம் குறைந்த இடத்தில் மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மிதித்தால் வாலிலிருக்கும் முள்ளால் குத்தும். எந்த வேடர்ஸும் அந்த முள்ளைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள், நியோப்ரீனையும் துளைத்துவிடும். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால் அதிர்வு உணர்ந்து விலகிவிடும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர். "அண்ணே, கடலில் நடக்காதீர்கள், உழுதுகொண்டு போங்கள்" என்றார். குத்திவிட்டால், குத்திய காலை சுமார் 45 டிகிரி வெந்நீரில், சருமம் வெந்துவிடாத சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி தணியும். பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். எங்கள் வண்டியில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் எப்போதும் இருக்கிறது.

மார்பு வரை அணிபவர்கள் இடுப்பில் பெல்ட் கட்டாமல் இறங்கவே கூடாது. நீர் நிறைந்த வேடர்ஸ் ஆளைக் கல் போல அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. அது அப்படியில்லை. கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு இலகுவாகவே இருக்கும். மட்டத்தை விட்டு மேலே வரும்போதுதான் கை கனக்கும். அதுபோல, விழுந்த இடத்தில் மிதப்பதை விட, எழுந்து கரையேறும்போதுதான் அந்தக் கனம் ஆளைச் சாய்க்கும். அடுத்த அலை அதற்குள் வந்துவிடும். இறுக்கிய பெல்ட் உள்ளே போகும் நீரைப் பெருமளவு குறைக்கிறது. மழைக்காலத்தில் பாலாற்றில் வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்திருக்கும்போது அதன் ஓரத்தில் எந்த உடையோடும் இறங்காதீர்கள். கடல் மட்டம் இறங்கும் நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும், மணல் விளிம்பு சொல்லாமல் சரியும். அங்கிருந்து வெகுதூரம் தள்ளி நின்றால் மீன் குறையலாம், குறையட்டும்.

அளவு பார்ப்பது எப்படி என்று மச்சான் தனியாகக் கேட்டிருந்தார். அணிந்துகொண்டு, நெல் நாற்று நடுபவர் போலக் குனியுங்கள். பிறகு தரையில் குந்தி உட்காருங்கள். பிறகு ஒரு காலை நாற்காலி மேல் வையுங்கள். கவட்டில் இழுப்புத் தெரிந்தால் அந்தத் தையல் ஓராண்டு தாங்காது. மாறாக, முழங்காலுக்குப் பின்னால் துணி மடிந்து பை போலத் தொங்கினால் நடக்க நடக்க அந்த மடிப்பில் தேயும். முன்பக்கம் ஜிப் வைத்தவை அணிய வசதிதான். உப்பும் மணலும் ஜிப்புக்கு எதிரி என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. தோள்பட்டைக் கொக்கிகள் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது.

ஓட்டை விழுந்தால் பழுது பார்ப்பதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. என் காலுறையின் குதிகால் துளையை நான் எங்கும் அனுப்பவில்லை. ஷூ தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பக்கத்து வீட்டு பாயிடம் காட்டினேன். நியோப்ரீன் என்பது பாலிகுளோரோப்ரீன் என்ற செயற்கை ரப்பர். ஷூவின் மேல்தோலையும் அடியையும் ஒட்டப் பயன்படுகிற மஞ்சள் பசைகளில் பலவும் அதே ரப்பரைக் கரைத்துச் செய்தவை. பாய் துளையைச் சுற்றிச் சொரசொரப்பாகத் தேய்த்தார். நியோப்ரீன் துண்டு ஒன்றை வட்டமாக நறுக்கினார். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஒட்டப் போனேன். "அவசரப்படாதீர்கள், விரலில் ஒட்டாத அளவுக்குக் காயட்டும்" என்றார். கால் மணி நேரம் கழித்து அழுத்தி, சுத்தியலின் மரப்பிடியால் தட்டினார். அதன்பின் அந்த ஒட்டு அசையவில்லை.

அதே நம்பிக்கையில் பி.வி.சி. ஜோடியைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். டியூபுக்குப் போடும் சொல்யூஷனும் ரப்பர் பேட்ச்சும் பி.வி.சி.யில் நிற்காது, எனக்கு ஒரே வாரத்தில் உரிந்து வந்தது. அதற்கு பி.வி.சி.க்கென்று விற்கும் பசையும் அதே பொருளில் ஒரு துண்டும் வேண்டும். மூச்சு விடும் துணிக்கு நிறமற்ற யூரித்தேன் பசை ஒரு சொட்டு போதும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தவுடன், மறுநாள் என்று வைக்காமல், நல்ல தண்ணீரில் வெளியும் உள்ளும் அலசி, நிழலில் காற்றாட உள்பக்கத்தை முதலிலும் வெளிப்பக்கத்தைப் பிறகும் காயவிடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும். பூட்ஸைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடலாம். வேலூர் வெயிலில் மட்டும் வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மச்சான், "அப்படியானால் முடிவாக என்ன வாங்குவது மாமா?" என்றார். இப்போதைக்கு ஒரு மெல்லிய கால்சட்டையும் தண்ணீர்க் காலணியும் மட்டும் வாங்கிக்கொண்டு மூன்று முறை எங்களோடு வரச் சொல்லியிருக்கிறேன். மார்கழியிலும் வருகிற ஆர்வம் இருந்தால், மூச்சு விடும் துணியில், பூட்ஸ் ஒட்டிய, மார்பு வரை வருகிற ஜோடி ஒன்று. அந்த வகை கிடைப்பது கடினம், விலையும் கூடுதல், கிடைக்கும்வரை காத்திருக்கலாம். பணம் இடித்தால் ஒட்டிய பூட்ஸ் வைத்த பி.வி.சி. ஜோடியே, விடியற்காலை மூன்று மணி நேரத்துக்கு மட்டும். வெயில் ஏறியதும் கழற்றிவிட வேண்டும். அதுவரை பாய் ஒட்டுப் போட்ட என் பழைய ஜோடி இருக்கிறது. அவருக்கும் எனக்கும் ஒரே அளவு கால்தான். தை மாதம் ஒரு விடியலில் அதை அணிந்து நின்று பார்த்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.